மச்சாளின் விரல்கள் வெளுத்த வருடம்

இது நடந்தது எழுபதுகளின் நடுவில், திருகோணமலையில். மீன் சந்தைக்குப் பின்னால் ஐஸ் உடைப்பதுதான் அப்போது என் வேலை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நான் விட்டேனா, பள்ளிக்கூடம் என்னை விட்டதா என்று வீட்டில் இன்னும் வழக்கு முடியவில்லை. அண்ணன் மீன் வாங்கிப் பெட்டி கட்டிக் கொழும்புக்கு லொறியில் ஏற்றுகிறவர். நான் உடைத்துப் போடும் ஐஸுக்குள் மீனை அடுக்குகிறவ அண்ணனின் மனைவி, என் மச்சாள்.

மச்சாளைக் கேலி செய்து பகிடி பண்ணுவது எங்கள் பக்கத்தில் ஒரு உரிமை. நான் அதைக் கொஞ்சம் கூடுதலாகவே பாவித்தேன். அவவும் சும்மா இருக்கிற ஆளில்லை. நான் ஒன்று சொன்னால் இரண்டு திருப்பித் தருவா, மூன்றாவதுக்குக் காதைத் திருகுவா.

அந்த வருடம் தவக்காலம் முடிந்த கையோடு, ஐஸுக்குள் கைவைத்தால் அவவின் விரல்கள் மெழுகுதிரி மாதிரி வெளுக்கத் தொடங்கின. வெளுத்து, நீலமாகி, பிறகு சிவக்கும். மச்சாள் விரலிலேயே கொடியேற்றுகிறா என்று சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அந்தோனியார் திருநாளுக்குக் கல்யாண மோதிரம் கழற்ற முடியாமல் விரல் வீங்கி, நகைக்கடையில் வெட்டித்தான் எடுத்தார்கள். மடு மாதா திருவிழாவுக்குப் போக வெளிக்கிட்டபோது கையைப் பொத்திப் பிடிக்கவே அவவுக்கு ஏலவில்லை. முகத்துத் தோல் இறுகி மினுங்கியது. நெற்றியில் ஒரு சுருக்கமும் இல்லை. அண்ணனுக்குப் புதுப் பெண் கிடைத்துவிட்டது என்று அதற்கும் ஒரு பகிடி விட்டேன்.

எல்லோரும் ஐஸைத்தான் குற்றம் சொன்னார்கள். குளிர் எலும்புக்குள் இறங்கிவிட்டதாம். அண்ணன் அவவை ஐஸ் பக்கம் வரவேண்டாம் என்று நிறுத்தினார். சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் கையை வைத்தா, எண்ணெய் பூசினா. அப்போதும் விடியற்காலைக் குளிருக்கு விரல்கள் வெளுத்தன. அது நான் உடைத்த ஐஸ் என்பதால் எனக்கு உள்ளுக்குள் குத்தியது. குத்தக் குத்த இன்னும் கூடப் பகிடி விட்டேன். எனக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, பூசையில் நற்கருணை வாங்க அவவுக்குப் பின்னால் நான் நின்றேன். சுவாமியார் அப்பத்தை நாக்கில் வைக்கக் கையை நீட்டினார். மச்சாளின் வாய் திறக்கவில்லை. உதடு இரண்டும் சுருக்குப்பை மாதிரி இழுபட்டு, அரைவாசிக்கு மேல் விரியவில்லை. சுவாமியார் அப்பத்தை இரண்டாக உடைத்து வைத்தார்.

வெளியில் வந்ததும் சொன்னேன், "என்ன மச்சாள், ஆண்டவரையும் யன்னலால வரச் சொல்லுறீங்களோ?"

அவ என் காதைத் திருகவில்லை. மெல்லச் சொன்னா.

"திறக்க ஏலாமக் கிடக்கு தம்பி. சோறும் இறங்குதில்லை. உன்ர அண்ணரிட்டச் சொல்லாத."

அடுத்த நாள் அண்ணன் லொறியோடு கொழும்புக்குப் போயிருந்தார். நான் அவவைச் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே இருந்தது ஒரு பெண் டொக்டர். மச்சாளின் கையைப் பிடித்தவர் விடவேயில்லை. விரலை மடக்கிப் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார், கிள்ளுப்படவில்லை. எப்போது தொடங்கியது என்று கேட்டார். கனகாலமாக இருக்கிறது என்றா மச்சாள். கரைச்சல் கொடுக்கக்கூடாது என்று நினைத்தால் அவ அப்படித்தான் சொல்லுவா.

நான் பேச்சுக்கு இடையில் விழுந்தேன். தவக்காலம் வரை என் காதை நோகத் திருகினது, பிறகு விரல் வெளுத்தது, அந்தோனியார் திருநாளுக்கு மோதிரம் வெட்டினது, மடுவுக்குப் போகும்போது கை பொத்தாதது என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ஒவ்வொன்றுக்கும் நான் ஒவ்வொரு பகிடி விட்டிருந்தேன். அதனால் ஒன்றும் மறக்கவில்லை.

"இவனுக்கு எல்லாம் விளையாட்டு டொக்டர்," என்றா மச்சாள்.

டொக்டர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, அதைத் திரும்பச் சொல்லும். ஆறுதலாச் சொல்லும்."

சொன்னேன். கேட்டு முடித்ததும் என்னை வெளியில் போகச் சொல்லித் திரையை இழுத்தார்கள். சுவரோரம் கிடந்த வாங்குப் பலகையில் இருந்தேன். கை வருத்தத்துக்கு ஏன் திரை என்று எனக்கு விளங்கவில்லை. திரும்பக் கூப்பிட்டபோது மச்சாள் சீலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தபடி கதிரையில் இருந்தா. எனக்குச் சொல்லலாமா என்று டொக்டர் அவவைக் கேட்டார். இவனுக்குத் தெரியாமல் எங்கள் வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்றா மச்சாள்.

மார்பில் ஒரு கட்டி. புளியங்கொட்டை அளவு. அவவின் இறுகிப்போன விரல்களுக்கு அது தட்டுப்படவேயில்லை.

"ஐஸாலயோ டொக்டர்?" என்று கேட்டேன். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

"ஐஸ் இல்லை. தோல் இறுகிறது தனி ஒரு வருத்தம், ஒரு நோய்; குளிருக்கு விரல் வெளுக்கிறதும் அதின்ர குணங்குறிதான். அது வந்த எல்லாருக்கும் கட்டி வாறேல்ல. கன பேருக்கு வராது. ஆனா சில பேருக்கு ரெண்டும் கிட்டக்கிட்ட வாறதைக் கண்டிருக்கிறம். இவவுக்கு ஆறேழு மாசத்துக்குள்ள இவ்வளவு கெதியா இறுகினது எண்டு நீர் சொன்னபடியாத்தான் தேடினனான்."

கையைப் பிடித்துக்கொண்டே நெஞ்சுக்குள் இருப்பதை ஒரு மனுஷி தேடிப் பிடித்திருக்கிறா. எது எதைக் கொண்டுவந்தது என்று கேட்டேன். அது தனக்கும் தெரியாது, இன்னும் ஒருத்தருக்கும் சரியாகத் தெரியாது என்றார். அவ்வளவு படித்தவர் தெரியாது என்று சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கு இன்னும் பெரிய அதிசயமாக இருந்தது.

கொழும்பில் வெட்டி எடுத்தார்கள். அது புற்றுநோய்தான், ஆனால் பரவ முன்னமே பிடித்துவிட்டோம் என்றார்கள். வருடங்கள் ஓடிவிட்டன. மச்சாள் இருக்கிறா. விரல்கள் கொஞ்சம் இளகியிருக்கின்றன, முழுக்க இல்லை. கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகிறா, நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

ஆறேழு மாதமாக ஒரு உடம்பு எங்கள் கண்ணுக்கு முன்னால் தன் கதையைத் தோலிலேயே எழுதிக் காட்டிக்கொண்டிருந்தது, வாசிக்கத் தெரிந்த ஒருத்தி வரும்வரை நான் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கும்போது, இப்போதும் என் வாய் தானாக மூடிக்கொள்கிறது.