நான் பெயர் எழுதிய பீஸ் கட்டை

எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தாலும் மூடினாலும் பீங்கான் கோப்பைகள் இடித்துக்கொள்வதுபோல ஒரு சத்தம் கேட்கும். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய அப்பாவின் காக்கிப் பைக்குள் இருந்தவை கோப்பைகள் அல்ல, "பீஸ் கட்டைகள்". கரண்ட் பில் கட்டாத வீடுகளின் மீட்டர் பலகையிலிருந்து அப்பா பிடுங்கிக்கொண்டு வந்த, உள்ளங்கை அளவு வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் துண்டுகள். கருகிய கம்பி வாடை எப்போதும் அந்தப் பையைச் சுற்றி இருக்கும்.

பாரிவாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு இறங்கிய குடும்பத்திலிருந்து வந்து, அம்பத்தூர் கரண்ட் ஆபீசில் உதவியாளாகச் சேர்ந்தவர் என் அப்பா. "அப்போ நாத்து புடுங்கினேன், இப்போ பீசு புடுங்கறேன்" என்று தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்வார். ஆபீசில் எழுதிக் கொடுத்த பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினார் என்றால், போகிற தெருவெல்லாம் வசவுதான். அதற்கு அவரிடம் ஒரே பதில். "நானா புடுங்கறேன்? ஆபீசு புடுங்குது. என் கைல சண்ட போட்டு இன்னா பிரயோஜனம்?" ஆபீசில் பட்டியல் எழுதுகிறவரைக் கேட்டால், கட்டாதவனைப் போய்க் கேள் என்பாராம். கட்டாதவர்களில் பாதிப் பேர், சம்பளம் போடாத கம்பெனியைக் கேட்கச் சொல்வார்கள்.

ரசீதோடு யாராவது வந்தால் அப்பாவே போய்க் கட்டையை மாட்டிவிட்டு வருவார் என்பதால், அவை எங்கள் வீட்டிலேயே இருந்தன. எது யாருடையது என்று தெரிய வேண்டுமே. அப்பா எழுத்துக் கூட்டிப் படிப்பார், எழுதத்தான் வராது. அதனால் நோட்டுத் தாளைக் கிழித்து, பெயரை எழுதி, நூலால் ஒவ்வொரு கட்டையிலும் கட்டுகிற வேலை ஏழாம் வகுப்பு படித்த என்னுடையது. என் கையெழுத்து அழகாக இருக்கும், அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பள்ளிக்கூடத்தில் எனக்கு வைத்த பெயர் "பீஸ் புடுங்கி". யார் வைத்தார்களோ தெரியாது, கூப்பிடும்போது எல்லாரும் சிரிப்பார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வசந்தா மட்டும் சிரிக்க மாட்டாள், அதனாலேயே அவளை என் தோழி என்று நினைத்திருந்தேன். ஒருநாள் அவளும் சிரித்துவிட்டாள். மற்றவர்கள் சிரித்ததெல்லாம் எனக்கு மறந்துபோனது, அவள் சிரித்தது மட்டும் முள்ளாகத் தைத்தது.

அந்தச் சமயம் பார்த்து அவள் அப்பா வேலை செய்த பட்டறையில் கதவடைப்பு. இரண்டு மாதமாகச் சம்பளம் இல்லை. ஒரு சாயங்காலம் அப்பா பையிலிருந்து ஒரு கட்டையை எடுத்துப் பெயர் சொல்ல, எழுதிக்கொண்டே வந்தவள், அது வசந்தாவின் அப்பா பெயர் என்று தெரிந்ததும் நிமிர்ந்தேன். வருத்தப்பட்டேன் என்று சொன்னால் பொய். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. மறுநாள் காலையில் அந்தக் கட்டையை என் பைக்கட்டில் ஒளித்து எடுத்துக்கொண்டு போனேன்.

மத்தியானம் எல்லாரும் டிபன் டப்பாவைத் திறந்தபோது அதைப் பெஞ்சின்மேல் வைத்து, தாளில் இருந்த பெயரை உரக்கப் படித்தேன். "இது யாரூட்டுதுன்னு பாரு" என்றேன். வசந்தா டப்பாவை மூடி வைத்துவிட்டு வெளியே போனாள். யாரும் சிரிக்கவில்லை என்பதுதான் எனக்கு முதலில் பயத்தைத் தந்தது. பள்ளி விட்டதும் தாளைப் பிய்த்துப் பைக்கட்டுக்குள் போட்டுக்கொண்டு, கட்டையை வழியில் இருந்த ஏரியில் வீசி எறிந்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் வசந்தாவின் அம்மா ரசீதோடு வந்து நின்றார். எங்கே புரட்டிக் கட்டினாரோ, முகமெல்லாம் வேர்வை. அப்பா பையைக் கொட்டித் தேடினார், திரும்பப் போட்டு மறுபடியும் கொட்டினார்.

"பணம் கட்டிட்டு வந்துகீறேன் அண்ணா. இன்னிக்கும் புள்ளைங்க இருட்டுலதான் குந்தினு இருக்கணுமா?" என்றார் அந்த அம்மா.

அப்பா வழக்கம்போல ஆபீசின்மேல் பழி சொல்வார் என்று கதவுக்குப் பின்னால் நின்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அந்த அம்மாவுக்கு எதிரில் கையைக் கட்டிக்கொண்டு, "என் தப்புதாம்மா. நாளைக்கு வேற வாங்கியாந்து மாட்டிடறேன்" என்றார். யார் திட்டினாலும் தலை குனியாத மனிதர், தான் செய்யாத ஒன்றுக்காகக் குனிந்து நின்றார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை.

மறுநாள் என் பைக்கட்டில் எதையோ தேடிய அப்பாவின் கையில் அந்தத் தாள் கிடைத்தது. என் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பெயர் எழுத என்னைக் கூப்பிடவே இல்லை. விதவிதமான கலர் நூலில் முடிச்சுப் போட்டு அடையாளம் வைத்துக்கொண்டார். வசந்தா பள்ளிக்கு வரவில்லை. வாடகை குறைவென்று அவர்கள் திருநின்றவூர்ப் பக்கம் குடிபோய்விட்டதாகப் பின்னால் யாரோ சொன்னார்கள்.

போன மாதம் நான் பில் கட்ட மறந்து என் வீட்டுக் கரண்டை நிறுத்திவிட்டார்கள். "லிஸ்ட்ல பேரு வந்துகீது மேடம், நான் இன்னா பண்றது" என்றான் வந்திருந்த பையன், அப்பாவின் குரலிலேயே. அடுத்த வீட்டுக் கதவு திறந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் மெதுவாப் பேசுப்பா" என்றேன். போனிலேயே பணம் கட்டினேன், பத்து நிமிடத்தில் விளக்கு எரிந்தது. காக்கிப் பை இல்லை, பீங்கான் கட்டை இல்லை, பெயர் எழுதிய தாள் இல்லை. அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்பா போய் வெகுகாலம் ஆகிறது. வசந்தாவின் அம்மாவிடம் அன்று அவர் சொன்ன "என் தப்புதாம்மா" என்ற வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டியது. இன்றுவரை அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.