பச்சை வயர்

அந்தப் பழைய கேரவனில் மொத்தம் ஆறு பிளக் பாயின்ட்கள். ஒன்றைக்கூட நம்பி என் மனைவியின் மூச்சை ஒப்படைக்க முடியாது. எல்லாம் இரண்டு ஓட்டை வைத்த பழசுகள். கருகிப்போய் லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தன. ஒன்றில் எவனோ பிளக்கே இல்லாமல் வயரை நேராகச் செருகி, தீக்குச்சி வைத்து இறுக்கியிருந்தான். அந்தப் புண்ணியவான் கையில் கிடைத்திருந்தால் அறைந்திருப்பேன்.

அவளுக்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டே வரும் நோய். மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். அது நின்றால் கொஞ்ச நேரம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டாள். அல்லிநகரத்தில் எங்கள் தெருவைப் பைப் போடத் தோண்டி, மாதக்கணக்கில் மூடாமல் போட்டுவிட்டார்கள். வீடெங்கும் புழுதி. "தம்பி தோப்புக்குக் கூட்டிட்டுப் போங்க. அங்கன இருந்தா எனக்கு இம்புட்டு மூச்சு வாங்காது" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சின்னமனூரைத் தாண்டி அவள் தம்பிக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. அங்கே ஒரு மோட்டார் ரூமைத் தவிர வேறு கட்டடம் இல்லை. அதனால்தான் படுக்கையும் கக்கூஸும் உள்ளேயே இருக்கிற அந்த வண்டியை வாங்கினேன்.

இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று இழுத்தடித்த எலக்ட்ரீஷியனோடு சண்டை போட்டுவிட்டு, வீடியோவைப் பார்த்து நானே வேலையில் இறங்கினேன். பழைய பிளக் இருந்த பள்ளத்தில் புதுப் பெட்டி உட்காரவில்லை. பிளைவுட்டை அறுத்து அகலப்படுத்தினேன். ஆறு இடத்திலும் மூன்று பின் பாயின்ட், தடித்த வயர். அந்த வண்டியில் எர்த் என்பதே கிடையாது. நான் ஆறிலிருந்தும் பச்சை வயரை இழுத்து, வண்டியின் இரும்பு உடம்போடு திருகி இறுக்கினேன். ஷாக் அடிக்காமல் காப்பாற்றுவது இந்தப் பச்சை வயர்தான் என்று மனைவியை உட்கார வைத்துப் பாடமே நடத்தினேன். அவளும் தலையாட்டினாள்.

தோப்புக்குப் போனோம். மோட்டார் ரூமுக்கு வருவது மூன்று பேஸ் கரண்ட். கரண்ட் திரும்பிப் போகிற வயரான நியூட்ரல் கிடையாது. இந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு பேஸை எடுத்துக்கொள்வார்கள். நியூட்ரலுக்குப் பதில், மண்ணில் அடித்த ஓர் இரும்புக் கம்பி. பல்ப் எரியும்.

"லைட்டு மங்குச்சுன்னா கம்பிக்கு ரெண்டு கொடம் தண்ணி ஊத்துவோம் மச்சான். பளிச்சுன்னு வந்துரும்" என்றான் மைத்துனன்.

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. அந்தக் கம்பியில் வண்டியின் நியூட்ரல் வயரைக் கட்டினேன். என் பச்சை வயரையும் அதிலேயே கட்டினேன். எர்த் என்றால் பூமி, கம்பி பூமிக்குள்தானே போகிறது, வேறென்ன வேண்டும்? மெஷின் ஜம்மென்று ஓடியது. இரண்டு நாள் அவள் முகம் தெளிந்திருந்தது. அந்தத் தெம்பில் மூன்றாம் நாள் காலை, அவசரத்துக்கு வைத்திருந்த ஒரே சிலிண்டரையும் "நெரப்பிட்டு வா மாப்ள" என்று கொடுத்து மைத்துனனைத் தேனிக்கு அனுப்பிவிட்டேன். மூளை கெட்டவன் நான்.

உச்சி வெயிலில் தொட்டியடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். வண்டிக்குள் மெஷினின் அலாரம் கீச்சுக் கீச்சென்று அலறியது. ஈரக் காலோடு ஓடிக் கதவின் கைப்பிடியைப் பிடித்தேன். தூக்கி எறிந்தது.

விழுந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. கம்பியைச் சுற்றி மண் காய்ந்துபோயிருக்கிறது. மண்ணில் இறங்க முடியாத கரண்ட், நான் கட்டிய பச்சை வயர் வழியாக வண்டி முழுக்க ஏறி நிற்கிறது. பழைய ஓட்டைப் பிளக்குகளே இருந்திருந்தால் மெஷின் மட்டும்தான் நின்றிருக்கும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

சன்னல் கண்ணாடி வழியே பார்த்தால் அவள் எழுந்துவிட்டாள். மண்ணைத் தொடாமல் உள்ளேயே இருக்கும்வரை ஷாக் அடிக்காது. கதவைத் திறந்து, கைப்பிடியைப் பிடித்து ஒரு காலை மண்ணில் வைத்தால் முடிந்தது.

"தொடாத! அங்கனயே நில்லு! கதவத் தொடாத!"

கத்தக் கத்த அவள் கதவை நோக்கித்தான் வந்தாள். நான் மோட்டார் ரூமுக்கு ஓடினேன். பக்கம்தான், ஆனால் அந்தத் தூரம் போய்த் தொலையவே இல்லை. ஃபியூஸ் கட்டையை உருவி எறிந்துவிட்டுத் திரும்பி வந்தேன். கதவு திறந்திருந்தது. அவள் வாசலில் சரிந்து உட்கார்ந்திருந்தாள். உயிர் இருந்தது. உதடு நீலம் பூத்திருந்தது. பேச்சு வரவில்லை, மெஷினைக் கை காட்டினாள்.

மறுபடி ஓடினேன். கம்பியிலிருந்து பச்சை வயரைப் பிய்த்தேன். தொட்டியில் குடத்தை முக்கிக் கம்பியடியில் ஊற்றினேன். மண் உடனே குடித்துவிட்டது. இரண்டாவது குடம். மூன்றாவது. ஒவ்வொரு குடத்துக்கும் அவளுக்கு எத்தனை மூச்சு மிச்சம் என்று தெரியாமல் அழுதுகொண்டே ஊற்றினேன். ஐந்தாவது குடத்தில் தண்ணீர் மேலே நின்றது. ஃபியூஸைச் செருகினேன். மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

அவளைத் தூக்கிப் படுக்கையில் உட்கார வைத்துக் குழாயை மாட்டினேன். உதட்டில் நிறம் திரும்ப வெகுநேரம் ஆனது. என் வலது கை இன்னும் மரத்துப்போய்க் கிடந்தது. அவள் அதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"தொடாத தொடாதன்னு அம்புட்டு கத்துனேனே, ஏன் வந்த?"

"கத்துனது கேட்டுச்சு. மெஷின் சத்தத்துல என்னன்னு வெளங்கல." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "எப்பவும் போலக் கோவத்துல கத்துறீகன்னு நெனச்சேன். தாமசமாப் போனா இன்னும் கத்துவீகளேன்னுதான் வெரசா வந்தேன்."

கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில், என் சத்தத்துக்கு அவள் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை.