புதிருக்குப் போன பத்தொன்பது கதிர்கள்

மூன்று வருடங்களுக்கு முன்னர் ஒரு தைப்பூச நாள் காலை. தம்பலகாமக் குடாவை ஒட்டிய ஒரு வயல்வீட்டு முற்றத்தில், கையில் ஹெல்மெட்டோடு நின்று நான் சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். அப்போது எனக்கு வயது முப்பத்தொன்பது.

ஏன் அழுதேன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னே போக வேண்டும். நான் திருகோணமலையில் விவசாய ஆராய்ச்சி வேலையில் இருக்கிறேன். வளரும் நாடுகளின் ஆராய்ச்சியாளர்களை எட்டு மாதத்துக்குத் தங்கள் ஆய்வுகூடத்துக்கு அழைத்து வேலை செய்ய விடும் வெளிநாட்டுப் புலமைப்பரிசில் ஒன்றுக்கு மூன்று தடவை விண்ணப்பித்திருந்தேன். மூன்று தடவையும் "வருந்துகிறோம்" என்றுதான் பதில் வந்தது. நான்காவது தடவை கிடைத்தது. நாற்பதைத் தாண்டியவர்களை அவர்கள் எடுப்பதில்லை என்பதால் அதுதான் என் கடைசித் தடவையும்கூட. "இந்த முறையும் இல்லையெண்டால் நான் ஒரு புலமைப்பரிசில் தாறன், எங்கட குசினியில சமைக்க" என்று பகிடி விட்டுக்கொண்டிருந்த என் கணவர், கடிதம் வந்த அன்று தானே ஓடிப்போய்க் கேக் வாங்கி வந்தார்.

ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. உப்பு ஏறிய வயலில் தாக்குப்பிடித்து விளைந்த நெல்லின் விதையை நான் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு கதிரும் எந்த இடத்தில் நின்றது, அந்த இடத்து மண்ணில் உப்பு எவ்வளவு என்ற பதிவும் கூடவே இருக்க வேண்டும். பதிவு இல்லாவிட்டால் அது வெறும் நெல்லு. கோழிக்குப் போடலாம்.

நான் தெரிவு செய்த வயல், கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில் இருந்தது. குளத்துத் தண்ணீர் குறையும்போது குடாவின் உப்பு உள்ளே ஏறிவிடும். ஒரு இளம் கணவனும் மனைவியும் அதைச் செய்துவந்தார்கள். மூன்று மாதமாக நான் அங்கே போய் வந்தேன். கதைப்பதெல்லாம் அந்தக் கணவரோடுதான். மனைவிக்கு முப்பது வயதுக்கு மேல் இராது. அவர் பால் விடாத பிளேன்ரீ கொண்டுவந்து தருவார், நான் "தாங்ஸ், தங்கச்சி" என்பேன். எங்களுக்குள் இருந்த கதை அவ்வளவுதான். படித்தவள் என்ற தலைக்கனம் எனக்கு இல்லை என்று அப்போது நான் உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தேன்.

உப்பு மீற்றரோடு வயல் முழுக்க நடந்து, பதினெட்டுக் கதிர்களைத் தெரிந்தெடுத்தேன். ஒவ்வொன்றிலும் இலக்கம் எழுதிய துண்டைச் சிவப்புக் கம்பளி நூலால் கட்டினேன். எந்த வரம்பிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கிறது, அதன் காலடியில் எவ்வளவு உப்பு என்று கொப்பியில் எழுதினேன். செடியின் அடியிலும் இலக்கத் தடி ஒன்று நட்டிருக்க வேண்டும். பஞ்சியில், வெறும் சோம்பலில், விட்டுவிட்டேன். இடையிடையே ஆறு கதிர்களை மட்டும் போனில் படம் எடுத்தேன், மற்றவற்றை அதுவும் இல்லை. வெளிக்கிடும்போது அந்தப் பெண்ணின் கணவரிடம், "அந்தச் சிவப்பு நூல் கவனம், பழுதாகக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

தைப்பூசத்துக்கு மறுநாள் கதிர்களை அறுப்பதாகத் திட்டம். தைப்பூசத்தன்று விடுமுறைதான், ஆனால் வீட்டில் இருக்க மனம் கேட்கவில்லை. பாலையூற்றிலிருந்து ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கப்பல்துறை தாண்டிப் போய்ச் சேர்ந்தேன். வயலில் ஒரு சிவப்பு நூலைக்கூடக் காணவில்லை. நூல் இருந்த இடத்தில் கதிரும் இல்லை.

வீட்டுக்கு ஓடினேன். வாசலில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாமியறையில் ஒரு தட்டத்தில், வெள்ளைத் துணியின் மேல், என் கதிர்கள் எல்லாம் ஒரே கட்டாகக் கிடந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தைப்பூசத்தன்று காலை நல்ல நேரம் பார்த்துப் புதுக்கதிர் அறுத்துச் சாமிக்கு வைத்து, அந்த அரிசியைச் சோற்றில் சேர்த்துச் சாப்பிடுவதைத்தான் நாங்கள் புதிர் என்போம். நானும் வருடா வருடம் புதிர் சாப்பிட்டு வளர்ந்தவள்தான். அறுவடைத் திகதியைக் குறித்தபோது அது என் நினைவுக்கே வரவில்லை.

அந்தப் பெண்ணின் கணவர் ஒரு பால்மா ரின்னைக் கொண்டுவந்து நீட்டினார். உள்ளே பதினெட்டுச் சிவப்பு நூல்களும் இலக்கத் துண்டுகளும் அழகாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. "நூல் கவனமெண்டு மிஸ் சொன்னனீங்கள். ஒண்டும் பழுதாகேல்ல" என்றார்.

கோபத்தில் பேசத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. எந்தக் கதிர் எந்த இலக்கம் என்று இனி யாருக்குத் தெரியும்? அடுத்த கிழமை பதிவுகளை அனுப்ப வேண்டும். அடுத்த போகம் வரும்போது எனக்கு நாற்பது தாண்டிவிடும். அழுதுகொண்டே இதையெல்லாம் முதல் தடவையாக அந்தப் பெண்ணுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அவர் அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "அவர் அரிவாளைப் பிடிச்சவர். எதை வெட்டுறதெண்டு காட்டினது நான். எது எங்க நிண்டதெண்டு எனக்குத் தெரியும் மிஸ். வாங்கோ."

தட்டத்தை அப்படியே இடுப்பில் வைத்துக்கொண்டு வயலுக்குள் இறங்கினார். நான் கொப்பியும் உப்பு மீற்றரும் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். நம்பிக்கை இருந்ததென்று சொன்னால் பொய். வேறு வழி இருக்கவில்லை.

முதல் கதிரைக் கையில் எடுத்து ஒருதரம் திருப்பிப் பார்த்தார். "இது பள்ளத்தில நிண்டது. அடியில மூண்டு மணி சப்பி" என்று நேரே நடந்துபோய், வெட்டிய நெல்லின் அடித்தாளுக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். நான் வரம்பிலிருந்து அடி அளந்து பார்த்தேன். கொப்பியின்படி அது ஏழாம் இலக்கத்தின் இடம். ஏழாம் இலக்கத்தின் படம் போனில் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். அடியில் மூன்று மணி பதராக இருந்தது.

இரண்டாவது சரி. மூன்றாவதும் சரி. அவர் அவசரப்படவும் இல்லை, யோசிக்கவும் இல்லை. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வாசலில் நிற்கும் தாய் அத்தனை வெள்ளைச் சட்டைக்குள்ளும் தன் பிள்ளையைக் கண்டுபிடிப்பது போலத்தான் இருந்தது.

ஒரு கதிரில் மட்டும் பிசகியது. அவர் நின்ற இடம், கொப்பியின்படி பன்னிரண்டாம் இலக்கம். ஆனால் பன்னிரண்டாம் இலக்கத்தின் படத்தில் இருந்தது வேறு கதிர். "தங்கச்சி, இது பிழை போல கிடக்கு" என்று படத்தைக் காட்டினேன். எங்கோ மனத்தின் ஒரு மூலையில் எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

"இல்லை மிஸ், இது இஞ்சதான் நிண்டது. நீங்கள் படம் எடுத்தது நண்டு வளைக்குப் பக்கத்தில நிண்டதை. அது வாய்க்காலுக்கு அங்கால" என்றார்.

போனை மறுபடி பார்த்தேன். படத்தின் ஓரத்தில், நான் ஒருபோதும் கவனிக்காத ஒரு நண்டு வளை இருந்தது. வாய்க்காலைத் தாண்டிப் போனோம். வளை இருந்தது, பக்கத்தில் வெட்டிய தாளும் இருந்தது. அன்றைக்குப் பன்னிரண்டின் இடத்தையும் பதின்மூன்றின் இடத்தையும் கொப்பியில் மாற்றி எழுதியவள் நான்தான். மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பேனையால் வெட்டித் திருத்தினேன்.

பதினெட்டும் முடிந்த பிறகும் தட்டத்தில் ஒரு கதிர் மிச்சம் இருந்தது. "இதுக்கு நீங்கள் நூல் கட்டேல்ல" என்றார். "ஏன் விட்டனீங்களெண்டு யோசிச்சனான்."

அப்போதுதான் கேட்டேன். அப்படியானால் நூலைப் பார்த்து நீங்கள் வெட்டவில்லையா?

"நூலுக்கு முதலே நான் நினைச்சு வச்சது மிஸ். உப்புத் தண்ணி ஏறேக்க நாத்தெல்லாம் மஞ்சளாப் போச்சு. இதுகள் மட்டும் பச்சையா நிண்டதுகள். இந்த வருசம் சாமிக்கு இதுகளைத்தான் வைக்கிறதெண்டு அப்பவே நினைச்சிட்டன்."

மீற்றரோடு மூன்று மாதம் அலைந்து நான் பொறுக்கியெடுத்த பதினெட்டுச் செடிகளையும், களை பிடுங்கக் குனிந்த நேரத்தில் அவர் ஏற்கெனவே பொறுக்கி வைத்திருந்தார். கூடவே நான் விட்ட ஒன்றையும். அந்தப் பத்தொன்பதாவது செடியின் காலடியில் மீற்றரை வைத்தேன். அந்த வயலிலேயே நான் கண்ட மிகக் கூடிய உப்பு அங்கேதான் இருந்தது. சேற்றில் நின்றபடி அந்தப் பெண்ணின் முகத்தை முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தேன்.

நூல்களை மறுபடி கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். சாமிக்கு வைத்ததை எப்படிக் கேட்பது என்று நான் தயங்க, அவரே சொன்னார். "சாமிக்கு வச்சாச்சு. இனி நீங்கள் கொண்டுபோங்கோ. விதைக்கிறதும் புதிர்தானே. ஆனா ஒவ்வொரு கதிரிலையும் ஒரு மணி எடுக்கட்டோ?"

தன் வயலில் தான் விளைவித்த நெல்லுக்கு அவர் என்னிடம் அனுமதி கேட்டார். நான் தலையை ஆட்டினேன். பத்தொன்பது மணிகளை நகத்தால் உரித்து, கொதிக்கும் உலையில் போட்டார். அன்று மதியம் வாழையிலையில் நானும் அவர்களோடு புதிர் சாப்பிட்டேன். அதில் எந்தப் பருக்கை எந்தக் கதிரினது என்று அவருக்குத் தெரிந்திருந்தாலும் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

விதைகள் முறைப்படி சோதனை முடிந்து என்னோடு வந்தன. அந்த ஆய்வுகூடத்தில் முதல் கிழமை, பல நாடுகளிலிருந்து வந்திருந்தவர்கள் தங்கள் ஆய்வைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. நான் மீற்றரைப் பற்றிச் சொல்லிவிட்டு, இந்தக் கதையையும் சொன்னேன். ஆபிரிக்காவிலிருந்து வந்திருந்த ஒரு பெண், குற்றம் சொல்லும் குரலில் அல்ல, உண்மையாகவே தெரியாமல் கேட்டார்: "அப்படியானால் அவர் ஏன் வரவில்லை?"

பதில் எனக்குத் தெரியும். பட்டம், வெளியீடுகள், பரிந்துரைக் கடிதம் என்று நான் நான்கு தடவை நிரப்பிய அந்தப் படிவத்தில், அவர் நிரப்பக்கூடிய கட்டம் ஒன்றுகூட இல்லை. விதைப் பட்டியலில் 'தெரிவு செய்தவர்' என்ற இடத்தில் பத்தொன்பது தடவையும் அவருடைய பெயரை என் பெயருக்கு முன்னால் எழுதினேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான், அது போதாது என்பதும் தெரியும்.

இப்போதும் புது வயலொன்றுக்குப் போனால், பையிலிருந்து மீற்றரை எடுக்க முன்னர், பிளேன்ரீ கொண்டுவரும் கையைப் பிடித்து நிறுத்தி, "இருங்கோ தங்கச்சி, முதல்ல நீங்கள் சொல்லுங்கோ" என்கிறேன். அந்த எட்டு மாதத்தில் படித்த எல்லாவற்றையும் விட, அதைக் கேட்கத் தெரிந்ததுதான் எனக்குக் கிடைத்த பெரிய புலமைப்பரிசில்.