நகத்தால் சுரண்டிப் பார்த்தவர்

ஓசூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் ஸ்டோர் கீப்பர் எதையும் லேசில் நம்பமாட்டார். ஒல்லியான மனிதர். வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் நீளமாக வளர்த்திருந்தார். வந்து இறங்கும் சரக்கை அந்த நகத்தால் சுரண்டிப் பார்க்காமல் ரசீதில் கையெழுத்துப் போடமாட்டார்.

எண்பதுகளில் ஒரு வெளிநாட்டு அரசு நம் அரசுக்குக் கடன் கொடுத்தது. அந்தப் பணத்தில் அவர்கள் நாட்டு மிஷின்களைத்தான் வாங்க வேண்டும் என்பது நிபந்தனை. அப்படி எங்களுக்கு வந்த மிஷினின் பெட்டியைப் பிரித்ததும் அவர் சுரண்டினார். சாம்பல் நிறப் பெயின்டுக்கு அடியில் பழைய பச்சை தெரிந்தது.

"பழசுக்குப் பெயின்ட் அடிச்சு அனுப்பியிருக்கான் சார். கடனும் அவனே குடுக்கறான், சரக்கும் அவனே தள்றான். வட்டியோட கட்டப்போறது நாமதானே?"

மிஷினைச் சரிபார்க்க வேண்டிய இன்ஜினியர் நான். "ரெண்டு கவர்மென்ட்டும் பேசி முடிச்சது. நமக்கெதுக்கு வம்பு? கையெழுத்தப் போடுங்க" என்றேன்.

அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார். "வாட்ச் புதுசா சார்?"

மிஷினோடு வந்த அந்த நாட்டு நிபுணர் முந்தின நாள்தான் அதை எனக்குப் பரிசாகத் தந்திருந்தார். சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, ரசீதில் நானே கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் கடிகாரம் இன்னும் ஓடுகிறது. அதன் பின்பக்கத்தை மட்டும் நான் இதுவரை சுரண்டிப் பார்த்ததில்லை.