ஒரு வாளித் துணி நேரம்

தினமும் காலையில் லேப்டாப்பில் என்டரைத் தட்டிவிட்டு, பிழிந்த துணி நிறைந்த வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பால்கனிக்குப் போவாள் அக்கா. முதலில் போர்வை, பிறகு சட்டைகள், கடைசியில் கைக்குட்டைகள். ஒவ்வொன்றையும் காயப்போட்டதும் கதவு வழியாக மேசையை எட்டிப் பார்த்துக்கொள்வாள். மேசையில் இரண்டு லேப்டாப்புகள். ஒன்று புதுசு. மற்றது மூடி விரிசல் விட்டு, ரப்பர் பட்டை போட்டுக் கட்டியது. அவள் கண் போவது பழசின் மேல்தான்.

“இன்னும் பாதிகூட ஆகலை. துணியே காஞ்சுரும் போல.”

“அப்ப இன்னொரு வாளி நனைச்சுக்கோ,” என்பார் உள்ளேயிருந்து வீட்டுக்காரர்.

அக்காவுக்குப் பகலில் பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை போடுகிற வேலை. அதற்குக் கிளம்பும் வரைக்கும் கம்பைலர். மனிதர் எழுதும் நிரலை இயந்திரம் நடத்தும்படி மாற்றித் தருகிற மென்பொருள் அது. ஊருக்கு ஒருவராய் முப்பது நாற்பது பேர் சம்பளமில்லாமல் வளர்க்கிறார்கள். பதினாறு வருஷமாகப் பொறுப்பு அக்காவுடையது. எதை மாற்றினாலும் மறுபடி கட்டவேண்டும். அதற்குப் பில்ட் என்று பெயர். கட்டி முடிந்த கையோடு, வேறெதுவும் கெட்டுப்போகவில்லையே என்று பார்க்க எல்லாச் சோதனைகளும் தாமே ஓடும். புதிதாக வருகிறவர் ஒரே ஒரு கட்டளை அடித்தால் போதும். அந்த ஏற்பாடு அக்கா செய்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

காத்திருப்பது அவள் பிறந்த வீட்டில் யாருக்கும் வராது. பெரியப்பா சினிமாவில் இடைவேளைக்கே எழுந்து வந்து முடிவைத் தானே சொல்லிவிடுவார். மூன்று அத்தைகளும் அவசரத்தில் அவருக்கும் அக்காமார். தாய்மாமன் ஒருவர்தான் பல் டாக்டர் வாசலிலும் தன் முறையைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். அக்கா அவரைக் கொண்டு பிறந்தவள்.

இப்போது அவள் காத்திருப்பது ஒரு மருந்துக்கடைக்காரருக்காக. நேரில் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால், குழந்தைகளுக்கு மருந்தளவு கணக்கிட ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தார். இரண்டரை என்று வரவேண்டிய இடத்தில் இரண்டு என்று வந்தது. “மிச்ச அரையை யார் குடிச்சாங்கன்னு கண்டுபிடிச்சுத் தாங்கக்கா,” என்று எழுதினார். “நீங்களே பிடிங்க. ஒரு கட்டளை போதும்,” என்றாள் இவள். கம்பைலரில் இருந்த பிழையைப் பிடித்தும் விட்டார். அதன்பிறகு மூன்று வருஷம், கடை திறக்குமுன் தினமும் இணையத்தில் வந்து கூட வேலை செய்தார். பிழைச் செய்திகளையெல்லாம் மனிதர் பேசுகிற மாதிரி மாற்றியது அவர்தான்.

அதற்குள் இருநூறாக இருந்த சோதனை ஆறாயிரம் ஆனது. ஒருநாள் எழுதினார்: “என் லேப்டாப்ல ரெண்டு மணி நேரம் ஆகுதுக்கா. கடை திறக்கறதுக்குள்ள முடிய மாட்டேங்குது. முடிஞ்சா வரேன்.” பதினான்கு மாதம் ஆகிறது. அவர் எப்போதோ சொன்ன மாடலை நினைவு வைத்திருந்து, அதே லேப்டாப்பைப் பழைய சாமான் கடையில் தேடி வாங்கினாள் அக்கா. தினமும் அதில் ஓட்டி நேரம் பார்ப்பாள்.

கம்பைலர் குழுவில் கூட வேலை செய்கிற ஒருவனுக்கு அவசரக்குடுக்கை என்று பெயர் வைத்திருக்கிறாள். போன வாரம் திரையில் கூடிப் பேசியபோது அவன் பிடித்துக்கொண்டான்.

“டெஸ்ட் எல்லாத்தையும் தனியா எடுத்து வெச்சிரலாம்க்கா. வேணுங்கறவங்க தேடிப் போய் எடுத்துக்கட்டும்.”

“வீட்டுக்கு வந்தவங்ககிட்ட, தட்டு பக்கத்துத் தெருவுல இருக்கு, சோறு அதுக்கடுத்த தெருவுலன்னு சொல்லுவியாடா?”

“சோத்துக்கு ரெண்டு மணி நேரம் உக்கார வெச்சா வந்தவர் எழுந்து போயிருவாருக்கா. போயிட்டாரே! ஒரு வருஷம் வராதவங்க பேரைக் குழுப் பட்டியல்லேருந்து எடுக்கணும்னு நீங்க போட்ட விதி. மருந்துக்கடை அண்ணன் பேரு மட்டும் எப்படி உக்காந்திருக்கு?”

அக்காவுக்குச் சுருக்கென்றது. அவரைக் கூட்டிவந்த வசதியேதான் அவரைத் துரத்தியும் இருக்கிறது. “உன் வேலையைப் பாரு,” என்று திரையை மூடிவிட்டாள். ஆனால் மறுநாள் காலையிலிருந்து சோதனைகளைப் பிரிக்க உட்கார்ந்தாள். இடம் மாறவில்லை, கட்டளையும் அதே ஒன்றுதான். வருகிறவர் கை வைத்த பகுதிக்கான சோதனை மட்டும் அவர் லேப்டாப்பில் ஓடும். முழுசும் ஓடவேண்டிய பாரத்தைக் குழுவின் பொதுக் கணினி சுமக்கும். அவசரக்குடுக்கையே இரண்டு நாள் கூட உட்கார்ந்து உதவினான்.

“மருந்துக்கடைக்காரருக்கு எழுதேன்,” என்றார் வீட்டுக்காரர்.

“கூப்பிட்டா மரியாதைக்கு வருவாருங்க. எனக்கு அது வேண்டாம்.” எழுதி எழுதி அழித்ததை வீட்டுக்காரர் பார்க்கவில்லை என்று அவளுக்கு நினைப்பு.

இன்று காலை போர்வையை விரித்துவிட்டு மூன்றாவது சட்டையை உதறும்போது மேசையிலிருந்து ‘டிங்’ என்று ஒரு சத்தம். ஏதோ தவறி நின்றுவிட்டது என்றே நினைத்தாள். ஈரச் சட்டையோடு உள்ளே ஓடிப் பார்த்தால், எல்லாம் தேறி முடிந்திருந்தது. வாளியில் பாதித் துணி அப்படியே இருக்கிறது.

சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மருந்துக்கடைக்காரரின் பழைய கடிதத்தைத் திறந்தாள். அதன் கீழே, “உங்க மாடல்லயே ஓட்டிப் பார்த்தேன். பதினோரு நிமிஷம்,” என்று மட்டும் அடித்து அனுப்பினாள். பிறகு பால்கனிக்கு வந்து, ஏற்கெனவே பிழிந்திருந்த அந்தச் சட்டையை, திரையைப் பார்த்தபடியே, சொட்டுகூட விழாதபோதும் மறுபடி மறுபடி பிழிந்துகொண்டிருந்தாள்.