வேட்டிக்கரை கட்டிய மோவர்

நியூ ஜெர்சி மான்மவுத் ஜங்ஷனில் அந்தத் தெருவுக்குள் நுழைந்துவிட்டால் திருமூர்த்தி வீடு எது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. எந்த வீட்டுப் புல்லைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கத் தோன்றுகிறதோ, அதுதான். ஏப்ரல் தொடக்கத்தில் மற்றவர்கள் லான் எல்லாம் பனிக்கடியில் கிடந்து அழுகி, சொறி பிடித்த நாய் முதுகு மாதிரி இருக்கும். அவர் வாசல் மட்டும் பச்சைப் பசேல் என்று கிளம்பிவிடும். பார்த்து வயிறெரிந்தவர்கள் அந்தத் தெருவில் உண்டு. ஆனாலும் மனுஷனைக் குறை சொல்ல முடியாது. தெரிந்ததை மறைத்து வைக்கிற ஆள் இல்லை. கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் காரை நிறுத்திச் சொல்வார்.

"ஃபோர்சித்தியாச் செடி மஞ்சளாப் பூத்தாத்தான் களைக்கு மருந்து தூவோணும். அதுக்கு முன்னாடி தூவுனா காசுக்குப் பிடிச்ச கேடு. மொத வெட்டுல நுனிய மட்டும் எடு. மூணுல ஒரு பங்குக்கு மேல வெட்டுனா வேரு செத்துப்போகும். நடந்து பாரு, செருப்புத் தடம் பதிஞ்சா அன்னைக்கு மோவரத் தொடாத."

பக்கத்து வீட்டு சபரிநாதன் குடிவந்த புதிதில் மழை விட்ட கையோடு புல் வெட்டும் மோவரை எடுத்துவிட்டான். அவ்வளவுதான். கட்டின வேட்டியோடு ஓடிவந்து மோவரை மறித்தார் திருமூர்த்தி. "ஈரத்துல ஓட்டறவன் புல்லு வெட்டலீப்பா, புல்லுக்குக் கருமாதி பண்றான்!" என்று போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு வெள்ளைக்காரர் கதவைத் திறந்து பார்த்தார். சபரிநாதன் அன்றைக்கு முறைத்தான். அடுத்த வருஷம் அவனுடைய லானும் பச்சை பிடித்தது. அதன்பிறகு அவனுக்கு அவர் திரு அங்கிள்.

உடுமலைப்பேட்டைக்காரர். பம்புசெட்டுக் கம்பெனியில் தொடங்கி, கல்யாணமான கையோடு கலாவதியைக் கூட்டிக்கொண்டு நியூ ஜெர்சி வந்தவர். மாத்திரை செய்கிற தொழிற்சாலை ஒன்றில் ரிட்டயராகும்வரை அவருக்கு ஒரே வேலை. சுற்றுகிற மெஷினுக்குள் எவன் கையும் போய்விடாமல் மூடி செய்து மாட்டுவது. அவர் மாட்டிய மூடிகளால் எத்தனையோ பேர் பத்து விரலோடு வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். ஊருக்குத்தான் உபதேசம். சொந்த மோவரில் என்ன செய்தார் தெரியுமா?

மோவரின் கைப்பிடியோடு ஒரு கம்பி இருக்கும். அதையும் சேர்த்துப் பிடித்திருந்தால்தான் என்ஜின் ஓடும். கையை விட்டால் நின்றுவிடும். விழுந்தாலோ குனிந்தாலோ ஆபத்து வரக்கூடாது என்று வைத்த ஏற்பாடு. ஆபீஸிலிருந்து போன் வரும்போதெல்லாம் கையை விட்டு, மறுபடி கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்ய அவருக்குச் சலித்துவிட்டது. பழைய வேட்டியின் கரையைக் கிழித்தார். கம்பியையும் கைப்பிடியையும் சேர்த்துக் கட்டினார். கைப்பிடியைத் தொடாமலே என்ஜின் ஓடியது. "எப்படி?" என்று கலாவதியிடம் புருவத்தை உயர்த்தினார். நம் ஆட்களைக் கேட்கவா வேண்டும்? அந்த வருஷமே தெருவில் பாதி மோவரில் வேட்டிக்கரை ஏறிவிட்டது. சபரிநாதன் மோவரிலும்தான்.

அப்படிப்பட்ட மூளையைத்தான் மறதி பிடித்தது. கடவுளுக்குக் கண்ணில்லை என்று கலாவதி வாய்விட்டே சொன்னாள்.

முதலில் பேர்கள் போயின. அப்புறம் வழிகள் போயின. கடைக்குப் போனவர் ரூட் ஒன் நெடுஞ்சாலை ஓரத்தில் காரை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். போலீஸ்காரர் கூட்டிவந்து விட்டார். அன்றிலிருந்து கார்ச் சாவி அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது. சான் ஹோசேயில் இருக்கும் மகன் தீபக் போனில் கூப்பிட்டால், கேமராவுக்கு வெளியே உட்கார்ந்து கலாவதி பதில்களை எடுத்துக்கொடுப்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் செய்தாள்.

ஒன்று மட்டும் அவளைக் குடைந்தது. கூப்பிட்டால் அவர் திரும்புவதில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக அவள் அவரைக் கூப்பிட்டதெல்லாம் ஒரே சொல். "ஏனுங்க." பேர் சொன்னதே கிடையாது. கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் கேட்டால்கூடத் தீபக்கை இடித்து அவனைச் சொல்லவைப்பாள். இத்தனை காலம் அந்த "ஏனுங்க" போதுமாக இருந்தது. மாடியில் இருந்தாலும் இறங்கி வருவார். இப்போது பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். காதுதான் மந்தமாகிவிட்டது என்று டாக்டரிடம் கூட்டிப்போனாள். சோதித்துப் பார்த்துவிட்டு, காது நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். அந்த டாக்டரம்மாவின் மிஷின்தான் சரியில்லை என்று கலாவதி முடிவு செய்துகொண்டாள். வேறு என்ன நினைப்பது?

குடும்பத்தில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர் ஒருவர்தான், அவருடைய அம்மா. ஆபீஸில் அவர் திரு, தெருவில் திரு அங்கிள். அந்த அம்மாவுக்கு மட்டும் மூர்த்தி. ஊரிலிருந்து போன் போட்டு, ஸ்பீக்கரில் "டேய் மூர்த்தி!" என்று ஒரு அதட்டல் போட்டால், தலை நரைத்த இந்த மனுஷன் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து நிற்பார். கலாவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அத்தை போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அந்தப் பேரும் அத்தையோடு போய்விட்டது.

பொங்கலுக்கு வந்தபோது தீபக் நேராகவே பேசினான். "அம்மா, லுக். யூ கான்ட் டூ திஸ் அலோன். பிரின்ஸ்டன் பக்கத்துல மறதி இருக்கறவங்களப் பாத்துக்கற ஒரு மெமரி கேர் ப்ளேஸ் பாத்திருக்கேன். ரொம்ப நைஸா இருக்கு."

"கட்டுன புருஷனக் கொண்டுபோய் விடுதில விட்டுட்டு நான் இங்க சோறு திங்கறதா?" என்றாள் கலாவதி. "உங்கப்பாவுக்கு ஒண்ணுமில்ல. வெயில் வரட்டும், லான வெட்டறாரா இல்லியான்னு நீயே வந்து பாரு. கை மறக்காது."

"ஃபைன்," என்றான் அவன். "ஏப்ரல்ல வரேன். அவரால வீட்ல மேனேஜ் பண்ண முடியும்னா, ஐ வோன்ட் சே அனதர் வேர்ட். இல்லேன்னா நீ கேக்கணும்."

அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டு கலாவதி குளிர்காலத்தைத் தள்ளினாள். அவர் மோவரைத் தொடவில்லையே என்று அவளே பிளேடைச் சாணை பிடிக்கக் கொடுத்தாள், ஆயில் மாற்றினாள். ஃபோர்சித்தியா பூத்தது. தீபக் வருகிற நாளும் வந்தது. கூடவே மழையும் வந்து தொலைத்தது. வாரம் முழுக்க ஊற்றி, அவன் விமானம் ஏறிய காலையில்தான் விட்டது. சாயங்காலம் வந்துவிடுவான். புல்லோ கணுக்காலுக்கு மேல் வளர்ந்து கிடந்தது.

கலாவதி செருப்போடு லானில் இறங்கி நடந்து பார்த்தாள். தடம் பதிந்தது. பதிந்த தடத்தில் தண்ணீரும் ஊறியது. இன்றைக்கு வேண்டாம் என்று அவளுக்கே தெரியும். ஆனால் மகன் வந்து காரை விட்டு இறங்கும்போது வெட்டின லான் தெரிய வேண்டும். அப்பா வெட்டியது என்று சொல்ல வேண்டும். அந்த ஒரே எண்ணம் கண்ணை மறைத்துவிட்டது.

"ஏனுங்க, புல்லு வளந்து கெடக்குது பாருங்க. வெட்டிரலாங்களா?" என்று அவர் தோளைத் தொட்டாள்.

"வெட்டிரலாம்," என்றார் திருமூர்த்தி.

புல்லைக் குனிந்து பார்க்கவில்லை, நடந்து பார்க்கவில்லை. ஈரத்தில் வெட்டாதே என்று தெருவையே மிரட்டிய மனுஷன், மறுபேச்சில்லாமல் ஷூவை மாட்டினார். அந்த இடத்திலேயே அவளுக்குச் சுருக்கென்றது. அவள் அதை விழுங்கிக்கொண்டாள்.

கை மறக்கவில்லைதான். கயிற்றை ஒரே இழுப்பில் இழுத்து ஸ்டார்ட் செய்தார். கைப்பிடியில் தொங்கிய வேட்டிக்கரையைச் சுற்றி முடிச்சும் போட்டார். முதல் வரிசை நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. கலாவதிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "பாருடா தீபக்கு, பாரு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, மகனுக்குப் பிடித்த அரிசிம்பருப்புச் சாதத்துக்கு வெங்காயம் உரிக்க உள்ளே போனாள்.

சத்தம் மாறியதில்தான் தலையைத் தூக்கினாள். என்ஜின் திணறுகிற சத்தம். ஜன்னல் வழியே பார்த்தாள். பிளேடை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்து ஓட்டியிருக்கிறார். நுனி எடுக்கவில்லை, தோலை உரித்திருக்கிறார். போன வழியெல்லாம் பச்சை போய்ச் சேறு கிளம்பிக் கிடந்தது. ஈரப்புல் கட்டிகட்டியாகத் திரண்டு வெட்டிய புல் வெளியே வரும் மோவரின் பக்கவாட்டு வாயை அடைத்திருந்தது. திருமூர்த்தி மோவர் பக்கத்தில் குந்தினார். கைப்பிடியில் கை இல்லை, ஆனால் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வேட்டிக்கரை அதைப் பிடித்து வைத்திருந்தது. இடது கையால் அந்த வாயின் மூடியைத் தூக்கினார்.

கலாவதி வெறுங்காலோடு ஓடினாள். "ஏனுங்க! ஏனுங்க! கைய எடுங்க!"

அவர் திரும்பவில்லை. என்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்வதற்கில்லை. எதிர்வீட்டு நாய் அவள் போட்ட கத்தலுக்குக் குரைக்கத் தொடங்கிவிட்டது.

"ஏனுங்க! அய்யோ, கைங்க!" சேற்றில் கால் வழுக்கி முழங்கால் மண்ணில் இடித்தது. எழுந்து ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அவர் வலது கையின் விரல்களைக் குவித்துக்கொண்டார், சோறு பிசையப் போகிறவர் மாதிரி. மோவரின் வாயை நோக்கி நீட்டினார்.

"டேய் மூர்த்தி!"

அது தன் தொண்டையிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. அத்தையின் அதட்டல் அப்படியே வந்திருந்தது.

திருமூர்த்தியின் கை அந்தரத்தில் நின்றது. மூடி தானாக விழுந்து மூடிக்கொண்டது. அவர் எழுந்தார். இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். இத்தனை மாதங்களில் அந்த முகம் அவளை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஏம்மா?" என்றார். "நான் ஒண்ணும் பண்ணலீம்மா."

சேற்றில் மண்டியிட்டபடியே கலாவதி அந்த முகத்தைப் பார்த்தாள். காதில் எந்தக் கோளாறும் இல்லை. மிஷினும் சரியாகத்தான் இருந்திருக்கிறது. "ஏனுங்க" என்று ஒருத்தி கூப்பிடுவாள், அது தன்னைத்தான் என்பது அவருக்குள் இல்லாமல் போய்விட்டது. கல்யாணம், தீபக், இந்த வீடு, முப்பது வருஷம், எல்லாம் அந்தச் சொல்லோடு போய்விட்டன. மிச்சம் இருப்பது அத்தையின் பையன். விரல்கள் தப்பியதற்குச் சந்தோஷப்படத்தான் வேண்டும். அவளுக்கு மண்ணில் விழுந்து கதற வேண்டும் போல இருந்தது.

எழுந்து போய் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். ஈரத்தில் அது இறுகிப் போயிருந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த சபரிநாதன் சாவிக்கொத்தில் தொங்கிய சின்னக் கத்தியால் கரையை அறுத்தான். என்ஜின் நின்றது.

"என்னாச்சு ஆன்ட்டி?" என்றவன், உரிந்து கிடந்த லானைப் பார்த்தான், நிமிர்ந்து நின்ற அங்கிளைப் பார்த்தான். அவள் எதையும் மறைக்கவில்லை. அவன் திரும்பிப் போய்த் தன் கராஜைத் திறந்து, தன்னுடைய மோவரில் கட்டியிருந்த கரையையும் அறுத்துக் குப்பையில் போட்டான்.

"உள்ள வா, கை கழுவு. சோறு போடறேன்," என்றாள் கலாவதி. வா, போ என்று அவரிடம் பேசியது வாழ்க்கையில் அன்றைக்குத்தான். அவர் பின்னாலேயே வந்தார்.

தட்டு முன்னால் உட்காரவைத்துவிட்டு, மனசு கேட்காமல் ஒரு தடவை மெதுவாக, "ஏனுங்க," என்றாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். அதற்கப்புறம் அவள் கூப்பிடவில்லை.

இருட்டுவதற்கு முன்னால் தீபக் வந்துவிட்டான். பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தவன் லான் பக்கத்தில் நின்றுவிட்டான். ஒரே ஒரு வரிசை நேராக இருந்தது. மற்றதெல்லாம் சேறு. அம்மா சண்டைக்கு வரப்போகிறாள் என்று பதிலைத் தயார் செய்துகொண்டுதான் அவன் வாசற்படி ஏறியிருக்க வேண்டும்.

"அம்மா, ஐ நோ நீ என்ன சொல்லப்போறேன்னு—"

"அந்த எடத்துக்கு நாளைக்குக் கூட்டிட்டுப் போ," என்றாள் கலாவதி. "நான் பாக்கறேன். நல்லா இருந்துச்சுன்னா விட்டரலாம்."

தீபக் பெட்டியை அப்படியே விட்டான். அம்மாவின் சேலையில் முழங்கால் பக்கம் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்தான். "ஆர் யூ ஷ்யூர்?"

"ஆமா." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அங்க பேரு கேப்பாங்க. திருன்னு சொல்லீராத, திரும்ப மாட்டாரு. மூர்த்தின்னு சொல்லு. பொம்பளயாளுக யாராச்சும் கூப்பிடட்டும், கொஞ்சம் அதட்டிக் கூப்பிடச் சொல்லு."