முருகனுக்கு ஒரு பாம்புச் சின்னம்

விருத்தாசலம் பக்கத்தில் கொளஞ்சியப்பர் கோயில். குறை உள்ளவர்கள் முருகனுக்கே பிராது, அதாவது புகார் மனு, எழுதி, முனியப்பர் சூலத்தில் கட்டுகிறார்கள். நானும் எழுதுகிறேன். மகள் போர் விமானம் ஓட்டுகிறாள். போன வாரம் விமானம் பழுதாகிப் பாராசூட்டில் குதித்தாள். அவளுக்குச் சிராய்ப்போடு போயிற்று, நான்தான் விமானச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுகிறேன். நாளை மறுபடி பறக்கிறாளாம்.

முருகனுக்கு ஆள் மாறிவிடக் கூடாதே என்று, அவளுடைய படைப்பிரிவின் துணிச் சின்னத்தையும் பிராதோடு சேர்த்துச் சுருட்டுகிறேன். அதில் படமெடுக்கும் நல்லபாம்பு. ஆதியில் விமானிகளின் கூடாரத்துக்குள் பாம்பு புகுந்ததாம். எல்லோரும் ஓடியதை மறைக்க அதையே சின்னமாக்கிவிட்டார்கள். இந்தப் பழைய தையல் சின்னத்துக்காகச் சின்னம் சேகரிப்பவர்கள் அலைகிறார்கள்.

பிராது கட்ட நூல் விற்கும் அம்மா எட்டிப் பார்க்கிறார். "யாரு மேலம்மா பிராது?"

"என் பொண்ணு மேலதான். இனிமே பறக்கவே கூடாதுன்னு எழுதியிருக்கேன்."

"நல்லா இருக்குது போங்க! இவரே மயிலு மேல பறக்கறவரு. இவருகிட்ட போய் இதைக் கேப்பீங்களா? அதுவும் மயிலு முன்னாடி பாம்பை நீட்டிக்கிட்டு!"

சின்னத்தைக் கைப்பைக்குள் ஒளிக்கிறேன். 'பறக்கவே கூடாது' என்பதை அடித்துவிட்டு, 'பத்திரமாக இறங்க வேண்டும்' என்று எழுதுகிறேன். மயில் கோபித்திருக்குமோ என்ற பயத்தில், கீழே 'பாம்பை மன்னிக்கவும்' என்றும் சேர்க்கிறேன்.